மேப் பார்க்காத ஓநாய்

ரொட்டிக் கம்பெனியில் அவருடைய உண்மைப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி எல்லோருக்கும் அவர் சந்து. ஊரின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி என்பதால் யாரோ வைத்த பெயர். வைத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. பெரிய சாலையில் லாரி கவிழ்ந்து கிடந்தாலும் சந்துவின் வேன் ஏதோ ஒரு தையற்கடைக்குப் பின்னால் நுழைந்து, சலவைக்கடைக்கு முன்னால் தலைகாட்டி, ரொட்டி சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். புதிய டிரைவர்கள் போனில் மேப்பைப் போட்டு, அதில் வருகிற பெண் குரலுக்குக் கட்டுப்பட்டு ஓட்டுவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "வீட்டுலயும் ஒரு குரல் சொல்லுது, வண்டியிலயும் ஒரு குரல் சொல்லுதா? பாவம்டா நீங்க" என்பார்.

அப்பேர்ப்பட்ட சந்து ஒருநாள் காலையில், பெட்ரோல் பங்க் நாற்சந்தியில், வழி தெரியாமல் நின்றார்.

விளக்கு பச்சையாகிவிட்டது. அடுத்த கடை எது என்று தெரியும். கடைக்காரரின் முகம் தெரியும், அவர் நேற்று எதற்குக் கோபித்துக்கொண்டார் என்பதுகூடத் தெரியும். அங்கே போக இடது பக்கமா, வலது பக்கமா என்பதுதான் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. கை தானாக இடது பக்கம் ஒடித்தது. கடை அங்கேதான் இருந்தது. சரியாகத்தான் திரும்பியிருக்கிறார். ஆனால் தெரிந்து திரும்பினாரா, தெரியாமல் திரும்பினாரா? இந்த ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு திருப்பம் மறந்தது. பிறகு தெரு மறந்தது, அப்புறம் வீடு. கடைசியில் ஒருநாள், கையைப் பிடித்துக் கூட்டிவந்த மகனிடமே, "தம்பி, ரொம்ப உபகாரம். நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். சந்து அன்றைக்குக் கொல்லைப்புறம் போய் நின்று அழுதார். அந்த அழுகை இப்போது தன் பக்கமாகத் திரும்பி வருகிறதோ என்று தோன்றியது.

மனைவியிடம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். டாக்டரிடமும் போகவில்லை. அவர் போனது ஓநாயிடம்.

மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனபோது தன் கேம் பெட்டியை டிவியோடு விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு விளையாட்டு. நாம்தான் ஓநாய். பனிமலை, ஆறு, பள்ளத்தாக்கு என்று அலைந்து மான் அடித்து, குகையில் இருக்கிற குட்டிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். கரடி வரும், நரி வரும், பசி எப்போதும் வரும். சந்துவின் ஓநாய்க்குச் சாம்பல் என்று பெயர். நிறம் அது. மதியம் வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சாம்பலோடு கொஞ்ச நேரம் திரிவது அவருக்கு ஏற்கெனவே பழக்கம்தான். வழி தவறினால் மேப் உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் மோப்பம்கூடக் கலர் கலராகத் தெரியும். ஓநாயாக இருப்பது அதுவரை சுகமான தொழிலாகவே இருந்தது.

நாற்சந்திக்குப் பிறகு சாம்பலுக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. அன்றைக்குச் சந்து தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். இனி மேப் இல்லை. மோப்பப் பட்டன் இல்லை. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைப்பதும் இல்லை, காட்டு மிருகத்துக்கு ஏது பாஸ் பட்டன்? குகைக்குத் திரும்பினால்தான் பெட்டியை அணைக்கலாம். போன வழியை மனதில் வைத்து மனதாலேயே திரும்ப வேண்டும். குட்டிகள் வளர்ந்து தாமாக வேட்டைக்குக் கிளம்பும்வரை வழி தவறாமல் சமாளித்துவிட்டால் தனக்கு ஒன்றுமில்லை. தவறிப்போனால் வேன் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டியதுதான். இப்படி ஒரு பரீட்சையை உலகத்தில் எந்த டாக்டரும் வைத்திருக்க மாட்டார். சந்து வைத்துக்கொண்டார், எழுதவும் உட்கார்ந்தார்.

சந்துவின் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். சாயந்திரம்தான் வேலை. வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களையே பார்த்துப் பார்த்து, தன் வாயைத் திறக்க மட்டும் அவருக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது. ஒரு குட்டியை நரி தூக்கிக்கொண்டு போன அன்று சந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்ததைப் பார்த்து அவர் சொன்னார்:

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஓநாய் நனையுதேன்னு மனுஷன் அழறதை இப்பத்தாங்க பாக்கறேன்."

"உனக்குப் புரியாது."

"மேப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? அதைப் பாத்துப் போனா என்ன கொறஞ்சிடும்? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே கொடையுதேங்கறீங்க."

சந்து கை கழுவப் போய்விட்டார். சட்டம் எதற்கு என்று சொன்னால் நாற்சந்தியையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒடிந்த மரம், இரட்டைப் பாறை, ஆறு வளைகிற இடம் என்று அடையாளம் வைத்துக்கொண்டு மூன்று குட்டிகளுக்கும் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டார். குளிக்கப் போனாலோ, விடியலுக்கு முன்பே எழுந்த அசதியில் மதியம் கண்ணயர்ந்தாலோ, சாம்பலை ஒரு புதருக்குள் படுக்கவைத்துவிட்டுப் போவார். காடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தார். ஆற்றோரப் புதருக்குள் விட்ட சாம்பல், குகை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். குகைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் குளிக்கப் போனோமா? அப்படியானால் ஏன் பெட்டியை அணைக்கவில்லை? ஆற்றோரம் விட்டதாக ஞாபகம் இருக்கிறதே, அது நேற்றா? நேற்று எங்கே விட்டோம்? யோசிக்க யோசிக்க நேற்றும் இன்றும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் போயிற்று.

இரண்டு நாள் கழித்து, பசியில் துவண்டு கிடந்த குட்டிகள் அவர் தூங்கி எழுந்தபோது வயிறு புடைக்கத் துள்ளிக்கொண்டிருந்தன. வாசலில் பாதி தின்ற மான் கிடந்தது. அந்த மானை அவர் அடிக்கவில்லை. அடித்தாரோ? தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து விளையாடிவிட்டு மறுபடி படுத்தாரோ? மகளுக்குப் போன் செய்து, "ஏம்மா, இந்த ஓநாய் தானா நடக்குமா?" என்று கேட்டார்.

"நடக்காதுப்பா. ஏன் கேக்கறீங்க?" என்றாள் மகள். பிறகு அவசரமாக, "அப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

நடக்காதாம். அப்படியானால் நடத்தியது அவர்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? டிவியில் சேனல் மாற்றவே, "என்னங்க, இந்தச் சனியன் எங்கேயோ போயிடுச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிற மனுஷி மேல் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு வேனிலும் நிம்மதி போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும், "இது எனக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார். நடக்கும்போது எந்தக் காலை முதலில் எடுத்துவைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்கி விழத்தான் செய்வோம். ஒருமுறைகூட அவர் தப்பாகத் திரும்பவில்லை, ஆனால் ஒருமுறைகூட நம்பிக்கையோடு திரும்பவும் இல்லை. சலவைக்கடைச் சந்துக்குள் வேனை நிறுத்திவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் ரொட்டி ஏன் லேட் என்று கேட்டார்கள். மனுஷன் பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

கடைசியாக ஒரு சோதனை வைத்தார். சாம்பலை இரட்டைப் பாறைக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, "இரட்டைப் பாறை, இரட்டைப் பாறை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய்க் குளித்தார். சோப்புப் போடும்போதும் சொன்னார். தலை துவட்டும்போதும் சொன்னார். வந்து பார்த்தால் சாம்பல் குகையில் குட்டிகளோடு சுருண்டு படுத்திருந்தது.

சந்து வேன் சாவியை எடுத்துவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தார்.

"நாளைலேர்ந்து நான் வண்டி ஓட்டல. பேக்கிங் செக்‌ஷன்ல போடச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திடுச்சு."

சொல்லிவிட்டார். சொன்னதும் நாற்சந்தி, பச்சை விளக்கு, சட்டம், ஆற்றோரப் புதர், அடிக்காத மான், இரட்டைப் பாறை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டின. மனைவியின் கையில் சீப்பு பாதியில் நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஒரு முகம்.

"என்னங்க... அந்த மானை அடிச்சது நான்தாங்க."

சந்துவுக்குப் புரியவில்லை.

"நீங்க தூங்கினப்புறம் அதுங்க கத்துதுங்க. அடுப்படி வரைக்கும் கேக்குது. பச்சைக் குழந்தை அழற மாதிரியே இருக்கு. ஒண்ணு செத்ததுக்கே நீங்க சாப்பிடல. இன்னொண்ணு போச்சுன்னா என்ன ஆவீங்களோன்னு பயம். உங்க பொண்ணுக்குப் போன் போட்டு எந்தப் பட்டன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டேன். அப்பாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். மேப்பைப் போட்டுப் பாத்துக் குகைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு, மறுபடி மேப்பை அணைச்சிட்டு வந்திடுவேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் கரடி வந்துச்சு. நீங்க உள்ள 'இரட்டைப் பாறை'ன்னு ஏதோ பஜனை பண்ணிக்கிட்டு இருந்தீங்க. நான் ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

சந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் இருந்து மூட்டை இறங்கியது. ஆனால் முழுதாக இறங்கவில்லை.

"அப்ப நாற்சந்தி?" என்றார் மெதுவாக. "அங்க நீ இல்லையே."

"இல்லதான்." மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது என்னன்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் டாக்டர் இருக்காரு. ஊருல அத்தனை டாக்டர் இருக்க, ஓநாய்கிட்ட போனீங்களா? நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். அதுவரைக்கும் சாவி இங்கேயே இருக்கட்டும்." போனை எடுத்து, இன்று வேலைக்கு வர நேரமாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, டிவியைக் காட்டினார். "இப்ப அதுங்களுக்குச் சோறு போடுங்க. பசியில கெடக்குதுங்க."

சந்து சாம்பலைக் கிளப்பினார். வேட்டை நன்றாக அமைந்தது. மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கிழட்டு மான் கிடைத்தது. வாயில் கறியோடு திரும்பும்போது பனி கொட்ட ஆரம்பித்து அடையாளமெல்லாம் வெள்ளையாக மூடிப்போயிற்று. இரண்டு ஓடைகள் சேர்கிற இடத்துக்கு வந்ததும் சாம்பல் நின்றது. இடது பக்கமா, வலது பக்கமா?

அதே நாற்சந்தி. சந்துவுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. திரையில் குட்டிகளின் பசியைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் சந்து.

"உங்க சட்டம்?"

"மேப் பாக்கக் கூடாதுன்னுதான் சட்டம். உன்னைக் கேக்கக் கூடாதுன்னு எங்க சொன்னேன்?"

மனைவி திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"எனக்கும் தெரியலைங்க" என்றார்.

"நீ மேப் பாத்துப் போனவளாச்சே?"

"நேத்துகூடப் போனேன். மறந்துபோச்சு. இப்ப என்ன அதுக்கு? வலப்பக்கம் போய்ப் பாப்போம். இல்லைன்னா திரும்பி வரலாம்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மறந்துபோச்சாம், குரலில் ஒரு நடுக்கம் இல்லை. சந்து அவரையே பார்த்தார். நேற்று போன வழி தெரியாமல் ஒரு மனுஷி, காலை மடக்கிச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

வலது பக்கம் போனார்கள். அது ஒரு செங்குத்துப் பாறையில் போய் முட்டியது. "இல்ல போலிருக்கு, திருப்புங்க" என்றார் மனைவி. திரும்பி இடது பக்கம் போனார்கள். ஒடிந்த மரம் வந்தது, ஆறு வளைகிற இடம் வந்தது. குகைக்குள்ளிருந்து மூன்று குட்டிகளும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தன. சந்துவுக்குக் கண் கலங்கியதால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குக் கன்ட்ரோலரை மனைவி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கறியைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியை அணைத்ததும் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது நின்றார்.

"நாளைக்கு டாக்டர் கிளினிக்குக்கு எப்படிப் போறதுன்னு தெரியுமில்ல?"

சந்து யோசித்தார். "தெரியும்னுதான் நெனக்கிறேன்."

"சரி. தெரியலைன்னா வழியில கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.