தறி ஷெட்டுக்கு வந்த பிள்ளைகள்

முதல் ஊரடங்கில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோனது. என் கணவர் இறந்தபின் நான் ஓட்டிவந்த நாலு விசைத்தறிகளும் நூல் வராமல் சும்மா கிடந்தன. கல்லூரி மூடி ஊர் திரும்பிய பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடிக் குளத்தங்கரையில் அலைந்தார்கள். போலீஸ் கண்டால் விரட்டியது. நான் இரண்டு தறிகளைக் கழற்றி ஓரமாகப் போட்டு, பாய் விரித்து, இன்டர்நெட்டும் இழுத்து, வந்து படியுங்கள் என்றேன். எந்தத் தெரு என்று யாரையும் கேட்கவில்லை. வினை அங்கேதான் வந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி எங்கள் சாதிச் சங்கத்தில் பெரிய ஆள். முதலில் நோய் பரவும் என்று வந்தார். மாஸ்க் போட்டுத் தள்ளித்தள்ளித்தான் உட்காருகிறார்கள் என்றேன். பிறகு பெண்பிள்ளைகளும் பையன்களும் ஒரே கூரைக்குக் கீழேயா என்று கேட்டார். மூன்றாவது முறை மனசில் இருந்ததைக் கக்கினார்.

“கண்ட தெருப் பயலுவளயும் உள்ள ஏத்துதியே, நாளைக்கு ஒருத்தன் நம்ம பிள்ளையக் கூட்டிட்டுப் போனா நீ பதில் சொல்லுவியா?”

“படிக்க வாரவன்ட்ட நான் தெருவக் கேக்க மாட்டேன், அண்ணாச்சி.”

அன்றிலிருந்து நல்லது கெட்டது எதற்கும் எனக்கு அழைப்பு இல்லை. ஒருநாள் காலையில் வாசற்படி முழுக்கக் கழிவு ஆயில். முதலில் வந்த பெண் வழுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். மரத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அத்தனை நேரமும் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு ஆத்திரம் எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. சில வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள்.

நோய் அடங்கிக் கல்லூரிகள் திறந்தன. அண்ணாச்சியின் இளைய மகள் மட்டும் திருப்பி அனுப்பப்படவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். போனையும் பிடுங்கிவிட்டார்கள். என் ஷெட்டுப் பக்கமே வரக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த அந்தப் பெண் ஒரு மத்தியானம் பின்வாசலில் வந்து நின்றாள். என் ஷெட்டில் படித்த தோழிகளிடம் பாடங்களை வாங்கி வீட்டிலேயே படித்திருக்கிறாள். மறுநாள் திருநெல்வேலியில் பரீட்சை. போன் கேட்டாள். கல்லூரிக்குப் பேசப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன்.

அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டாள். எனக்குச் சம்மதமில்லை, என்னைக் கேட்காமல் முடித்துவிட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். அவள் போனைத் திருப்பித் தருவதற்குள் மகளைத் தேடி அண்ணாச்சி உள்ளே வந்துவிட்டார்.

“ஏட்டி, வீட்டுக்கு நட.”

“பரீட்சை எழுதிட்டு வாரேம்ப்பா. மாப்பிள்ளை வீட்ல நானே பேசிட்டேன்.”

அவர் கையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். அடி என் தோளில் விழுந்தது. சத்தம் கேட்டுத் தெரு கூடியதும் அவர் கையை இறக்கிக்கொண்டு, “எங் குடியக் கெடுத்தவ நீ வெளங்கவே மாட்ட” என்று என்னைச் சபித்துவிட்டுப் போனார். அன்றைக்கே நான் அவளோடு பஸ் ஏறினேன். அவள் தோழி ஒருத்தி வீட்டில் தங்கி, பரீட்சைகள் முடியும்வரை கூடவே இருந்தேன்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அப்பா சேர்த்துக்கொண்டார், என்னோடு பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போது என் வாசலைத் தலைகுனிந்தபடி கடக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் வலிக்கத்தான் செய்கிறது.

ஷெட்டில் இன்னமும் சாயங்காலம் பிள்ளைகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். போன தபசுக்குப் பந்தல் சாமான் போட்டுவைக்க இடம் வேண்டுமென்று சங்கத்திலிருந்து ஆள் வந்தது. தரமுடியாது என்றேன். அண்ணாச்சி எதிர்வாசலில் நின்று என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். நான் உள்ளே போய்ப் பாயை விரித்தேன்.