கதவு எங்க பாய்?

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தமாச் சொல்ற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. எங்க தொழில், அடுத்தவங்க வாயில இருந்து கதையைப் பிடுங்குற தொழில். பல் பிடுங்குறவர்கூட ஊசி போட்டுட்டுத்தான் பிடுங்குவாரு. நாங்க அதுகூடப் போடுறதில்லை.

நான் எட்டாம் வகுப்போட நின்னவன். விருதுநகர் பஜார்ல சின்ன ஸ்டுடியோ வச்சிருந்தேன். முப்பது வருசம் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ்னு ஓடுச்சு. எல்லார் கையிலயும் போன் வந்த பிறகு என் ஸ்டுடியோவுல ஈ மட்டும்தான் போஸ் கொடுத்துச்சு. அந்த நேரத்துல ஒரு தொண்டு அமைப்புல கூப்பிட்டாங்க. பட்டாசு வேலைக்குப் போற பெண்களுக்குப் போன்ல படம் எடுக்கவும், குரல் பதியவும், ரெண்டையும் சேர்த்து மூணு நிமிசக் கதையா ஆக்கவும் சொல்லித்தரணும். அவங்க குறையை அவங்க வாயாலயே நாலு பேருக்குச் சொல்லணும், அதனால ஏதாவது நல்லது நடக்கணும். இதுதான் திட்டம். போன் பாடம் என் பொறுப்பு. மொத்த வகுப்புக்கும் பொறுப்பு எஸ்தர் டீச்சர், பள்ளிக்கூடத்துல இருந்து ஓய்வு பெற்றவங்க.

உங்கள்ல யாராவது என்னை மாதிரி மைக்கைத் தூக்கிகிட்டு அடுத்தவங்க வாசல்ல போய் நின்னிருந்தா, இனி நான் சொல்றது உங்களுக்கும் கொஞ்சம் சுடும்.

சிரிக்காதீக

நாரணாபுரத்துல இருந்து வகுப்புக்கு வந்தவங்க சொர்ணம். நாற்பது வயசு இருக்கும். பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், போடுற செட்டுல வேலை. ரெண்டு வருசத்துக்கு முன்னால அந்த செட்டுல ஒரு விபத்து. இவங்க தப்பிச்சுட்டாங்க. பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்த்த இவங்க மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, தப்பிக்கலை. எதுக்காகக் கதை சொல்ல வந்தாங்கன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. “எங்க ரூமுக்கு ரெண்டு கதவு பாய். ஒரு கதவுக்கு முன்னால பெட்டி அடுக்கியிருந்தாக. இந்த சீசனுக்கும் அங்கனதான் அடுக்குறாக. அதை யாராச்சும் பார்க்கணும்.” அம்புட்டுதான் அவங்க கேட்டது.

வீட்டுல வச்சுக் குரல் பதிஞ்சோம். சொர்ணம், விபத்து நடந்த அன்னைக்குக் காலையில வேலைக்குப் போற வேன்ல நடந்ததுல இருந்து ஆரம்பிச்சாங்க. மதினி தூக்குவாளியை மாத்தி எடுத்துட்டு வந்திருச்சாம். திறந்து பார்த்தா உள்ள சோத்துக்குப் பதிலா ஊசியும் நூலும் பட்டனும் கிடந்துச்சாம். அதைச் சொல்லும்போது அவங்களுக்குச் சிரிப்பு பொத்துகிட்டு வந்துருச்சு. முப்பது வருசமா “சிரிங்க, சிரிங்க”ன்னு சொன்ன இந்த வாய், அன்னைக்குத்தான் முதல் தடவையா “சிரிக்காதீக தாயி”ன்னு சொல்லுச்சு. சோகக் கதையில சிரிப்பு எதுக்குன்னு நினைச்சேன். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னேன். குரல் நடுங்கலையே, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவைன்னு ஓட்டினேன். அஞ்சாவது தடவை தூக்குவாளிகிட்ட வந்ததும் வார்த்தை வராம உடைஞ்சு அழுதாங்க. நான் போனை ஆடாமப் பிடிச்சுகிட்டேன். அழுது முடிச்சு, முந்தானையில முகத்தைத் துடைச்சுட்டு, சொர்ணம் என்னைப் பார்த்துக் கேட்டாங்க: “கெடச்சிருச்சா பாய்?”

வெள்ளிக் கை

எங்க ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோக்காரங்களுக்கு ஒரு வேலை கை வந்த கலை. பொண்ணு பார்க்கக் கொடுக்கிற போட்டோவுல முகத்துலயோ கையிலயோ தீக்காயத் தழும்பு இருந்தா, அதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுக் கொடுக்கணும். பெத்தவங்க வாய் திறந்து கேட்க மாட்டாங்க. போட்டோவை நீட்டிட்டுக் கீழ பார்த்துகிட்டு நிப்பாங்க. நாங்களும் எதுவும் கேட்காமத் துடைச்சுக் கொடுத்துருவோம். அதைப் புண்ணியம்னே நினைச்சிருந்தேன்.

சொர்ணம் வேலை முடிஞ்சு வந்ததும் தன் கையைத் தானே படம் எடுத்துக் கொடுத்தாங்க. ரொம்ப நல்ல படம். பூச்சட்டிக்குப் போடுற அலுமினியப் பவுடர் ரேகையெல்லாம் ஏறி, கை வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னுச்சு. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தழும்பு. கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தேன். சத்தியமாச் சொல்றேன், யோசிச்சுச் செய்யலை. கை பழக்கத்துல போயிருச்சு. அரை மணி நேரத்துல வெள்ளியும் இல்லை, தழும்பும் இல்லை. போன்ல ஏத்திப் பெருமையா வேற கூப்பிட்டுக் காட்டினேன். சொர்ணம் போனைக் கண்ணுகிட்ட கொண்டு போய் ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: “இது யாரு கை பாய்? மருதாணி வைக்கலாம் போல இருக்கே.”

மூணு நிமிசம்

கதை மூணு நிமிசத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது எங்க கணக்கு. சொர்ணம் சொன்னது நாலு நிமிசத்தைத் தாண்டுச்சு. எதை வெட்டுறது? அழுகையை வெட்ட மனசு வரலை, அஞ்சு தடவை சொல்ல வச்சு வாங்குனது. கதவு பத்திச் சொன்ன இடத்துல மட்டும் அவங்க குரல்ல ஏற்ற இறக்கமே இல்லை. மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி சொல்லியிருந்தாங்க. “கிழக்க கதவு திறந்திருந்துச்சு. மேக்க கதவுக்கு முன்னால அட்டைப் பெட்டி, சீசன் ஆர்டரு லோடு. நான் கிழக்க ஓடுனேன். எங்க மதினி மேக்க ஓடுச்சு.” அதை வெட்டினேன். உணர்ச்சி இல்லைன்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன்.

உங்ககிட்ட மறைக்கிறதுல என்ன இருக்கு? காரணம் அது இல்லை. இந்தப் பக்கத்துக் கம்பெனி முதலாளி வீட்டுக் கல்யாணம் எத்தனைக்கு நான் படம் எடுத்திருக்கேன், எத்தனை வீட்டுல பிரியாணி சாப்பிட்டிருக்கேன். கதவுன்னு சொன்னா எந்தக் கம்பெனிக் கதவுன்னு கேள்வி வரும். மதினி செத்ததைச் சொன்னா எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க, எந்த முதலாளிக்கும் என் மேல வருத்தம் வராது. வெட்டின இடத்துல புல்லாங்குழல் இசையை ஓட விட்டேன்.

கூட்டத்துல போட்டுக் காட்டுற அன்னைக்குக் காலையிலதான் சொர்ணத்துக்கு முழுசாக் காட்டினேன். பார்த்து முடிச்சுட்டு, “கதவு எங்க பாய்?”னு கேட்டாங்க. “நேரம் பத்தலை தாயி, அடுத்ததுல சேர்த்துக்கலாம்”னு சொன்னேன். சொர்ணம் காதுல இருந்த வயரைக் கழட்டி என் கையில கொடுத்தாங்க. “புல்லாங்குழலுக்கு மட்டும் நேரம் பத்துச்சாக்கும்.”

எக்ஸ்பைரி தேதி

சூலக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்துல கூட்டம். பல ஊர்ல பல வேலை பார்க்கிற பெண்கள் எடுத்த கதைகளை வரிசையாப் போட்டோம். சென்னையில இருந்து ஒரு விருந்தினர் வந்திருந்தார். நல்ல மனுசன். சொர்ணத்தோட கதை ஓடும்போது கைக்குட்டையை எடுத்தார். கடைசி வரி இப்படி வரும்: “அன்னைக்கு மருந்துலதான் எங்க மதினி போச்சு.”

எங்க பக்கத்துல மருந்துன்னா வெடி மருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுறதை மாத்திரைன்னுதான் சொல்லுவோம். சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? கதையில கம்பெனி இல்லை, போனை உள்ள விட மாட்டாங்க. கையில வெள்ளி இல்லை, நான் துடைச்சுட்டேன். கதவு இல்லை, பெட்டி இல்லை, நான் வெட்டிட்டேன். மிச்சம் இருந்தது ஒரு வீடு, மாலை போட்ட ஒரு போட்டோ, ஒரு அழுகை, ஒரு புல்லாங்குழல். அவர் மேடையை விட்டு இறங்கி வந்து சொர்ணத்துக்கு முன்னால கும்பிட்டு நின்னார். சொர்ணம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. மைக் என் கையிலதான் இருந்துச்சு. அப்பத்தான் யாரோ “அருமையா எடுத்திருக்கீங்க பாய்”னு என் தோள்ல தட்டியிருந்தாங்க. அந்தச் சூடு ஆற வேண்டாம்னு நான் வாயைத் திறக்கலை. விருந்தினர் சொன்னார்: “பாவம்மா. இனிமே மருந்து வாங்கும்போது எக்ஸ்பைரி தேதியைப் பார்த்து வாங்கணும், என்ன?”

சறுக்கல் நோட்டு

எஸ்தர் டீச்சர் ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. வகுப்பு முடிஞ்சதும் சொல்லித்தந்தவங்க ஒரு நோட்டுல எழுதணும்: இன்னைக்கு எங்க சறுக்கினேன்? பாடம் நடத்துறது பாதி, நடத்தினதைத் திரும்பிப் பார்க்கிறது மீதிம்பாங்க. எனக்கு எழுத்துன்னாலே அலர்ஜி. “மைக் சரியில்லை”, “கரண்டு போனது”, “வெயில் அதிகம்” இப்படி ஒத்தை வரியா எழுதித் தள்ளிருவேன். சூலக்கரைக் கூட்டம் முடிஞ்ச மறுநாள் எழுதினேன்: “விருந்தினருக்கு நம்ம பேச்சு புரியவில்லை.”

டீச்சர் நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டினாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, பரீட்சையில எழுதாம உட்கார்ந்திருக்கிற பிள்ளைகிட்ட கேட்கிற மாதிரி கேட்டாங்க: “பாய், இதுல மைக் இருக்கு, கரண்டு இருக்கு, வெயில் இருக்கு, இப்ப விருந்தினரும் வந்துட்டாரு. உங்களை மட்டும் எந்தப் பக்கத்துலயும் காணோமே?”

பின்னால பாருங்க

அடுத்த வகுப்பு நாரணாபுரத்துல, ஒரு சங்கக் கட்டடத்து ஹால்ல. சொர்ணம் வர மாட்டாங்கன்னு நினைச்சேன், நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஆனா தன்னோட ஒரே வேன்ல வேலைக்குப் போற பெண்களையும் கூட்டிகிட்டு வந்து பின் வரிசையில உட்கார்ந்துட்டாங்க. நான் ஒரு பயிற்சி கொடுத்தேன்: இந்த ஹாலுக்குள்ளயே உங்களுக்கு உறுத்துற ஒண்ணைப் படம் எடுங்க. வந்த படத்தையெல்லாம் திரையில போட்டேன். ஒருத்தங்க ஒட்டடையை எடுத்திருந்தாங்க. இன்னொருத்தங்க நான் கொட்டாவி விடுறதை எடுத்திருந்தாங்க. ஹாலே சிரிச்சுச்சு. அடுத்தது சொர்ணம் எடுத்தது.

ஒரு நீலத் துணி. அதுக்கு முன்னால ஸ்பீக்கர் பெட்டி, அடுக்கின நாற்காலி, மேல ஒரு கேமராப் பை. துணிக்கு அடியில ஒத்தைக் கோடா வெளிச்சம். சிரிப்பு டக்குனு நின்னுருச்சு. எனக்கு மட்டும் புரியலை. “இது எந்த இடம் தாயி?”ன்னு கேட்டேன். “திரும்பிப் பாருங்க பாய். உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு.”

ஹாலுக்கு ரெண்டு கதவு. பின் கதவு வழியா வெளிச்சம் வந்து திரையில படம் மங்குதுன்னு, காலையில நான்தான் துணியைக் கட்டி, பெட்டியை அடுக்கினேன். மேல இருந்தது என் பைதான். சொர்ணம் எழுந்து வந்தாங்க. கூட வந்த பெண்களும் எழுந்தாங்க. என்னை ஒரு வார்த்தை சொல்லலை. பெட்டியைத் தூக்கி அங்கிட்டு வச்சு, துணியை அவுத்து மடிச்சு, கதவைத் திறந்தாங்க. அந்தக் கதவு முன்னால நின்னு, தன் போன்ல, ஒரே தடவையில சொன்னாங்க: “மாத்திரை மருந்து இல்லை, வெடி மருந்து பத்திச் சொல்றேன். எங்க ரூமுக்கு ரெண்டு கதவு.” தூக்குவாளி வந்த இடத்துல சிரிச்சாங்க. யாரும் நிறுத்தலை. கையை நீட்டிக் காட்டினாங்க, வெள்ளியும் தழும்புமா. நான் வெளிச்சம் சரியாப் படலையேன்னு பக்கத்துல போகப் பார்த்தேன். “நீங்க அங்கனயே இருங்க பாய்”னு ஒரு பெண் பிடிச்சு நிறுத்திட்டாங்க. நான் வாங்கிப் பார்க்கிறதுக்குள்ள அது வேன்ல போறவங்களோட வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருச்சு.

அடுத்த வாரம் கேள்விப்பட்டேன். வேன்ல இறங்கின பெண்கள், மேக்க கதவுக்கு முன்னால இருக்கிற பெட்டி நகர்ற வரைக்கும் யாரும் உள்ள போய் உட்காரலையாம். தூக்குவாளியைப் பிடிச்சுகிட்டு வெளியவே நின்னாங்களாம். கடைசியில போர்மேனே பெட்டியைத் தூக்கிப் போட்டாராம். என் மூணு நிமிசத்துல நடக்காதது. நோட்டுல அன்னைக்குத்தான் ஒரு பக்கம் நிறைய எழுதினேன்.

ஆனா அந்த வகுப்பு நாள்ல என் கண்ணுல நிக்கிறது கடைசியா நடந்ததுதான். வகுப்பு முடிஞ்சு சொர்ணம் கிளம்பினாங்க. பின் கதவு காத்துக்குப் படார்னு வந்து சாத்திகிட்டே இருந்துச்சு. சுத்தி ஒரு பார்வை பார்த்தாங்க. மூலையில நின்ன என் கேமரா ஸ்டாண்டைத் தூக்கினாங்க, மூணு காலையும் விரிச்சுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு, அந்த வழியாவே இறங்கிப் போனாங்க. முப்பது வருசத்துல என் ஸ்டாண்டு செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.