முனியம்மாவின் வேப்பங்கொட்டை

திருமுல்லைவாயில் ஏரிக்கரைப் புறம்போக்கில் நின்ற வேப்பமரத்துக்குப் பட்டா கிடையாது. ஆனால் புருஷன் செத்ததிலிருந்து பதினோரு வருஷமாக அதன் கொட்டையைப் பொறுக்கியவள் முனியம்மாதான். பழத்தை ஊறவைத்துக் கழுவி, கொட்டையைக் காயவைத்து, பூந்தமல்லி செக்குக்காரர் தஸ்தகீரிடம் கொடுத்துக் கேழ்வரகு வாங்கி வருவாள். அவளும் இரண்டு பெண்களும் பாதி வருஷம் அதில்தான் கூழ் குடித்தார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, வயிறு நிறைந்திருந்தது.

சண்டைக் காலம் வந்தது. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட மரம் வேண்டுமென்று கண்டிராக்டர் ஆள் வந்து வேம்பின்மேல் சுண்ணாம்பால் நம்பர் எழுதிப் போனான். முனியம்மா ஓடிப்போய் நாட்டாமை திருவேங்கடத்திடம் கெஞ்சினாள். துரைமார் காரியம், நமக்கேன் வம்பு என்று அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிவதற்குள் மரத்துக்கு மஞ்சள் புடவை சுற்றி, குங்குமம் அப்பி, அடியில் ஒரு சூலத்தையும் நட்டுவிட்டாள். கோடாலியோடு வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஊரே அங்கே பொங்கல் வைக்கத் தொடங்கியது. திருவேங்கடம் தர்மகர்த்தா ஆகிவிட்டார். ஆடியில் பழம் உதிர்ந்ததும், கொட்டை இனி அம்மன் சொத்து, விளக்குக்கு எண்ணெய் ஆட்ட வேண்டும் என்று அவள் கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

கூழ் ஊற்றிய அன்று கூட்டத்தின் நடுவே போய் நின்று முனியம்மா கத்தினாள். சாமியுமில்லை பூதமுமில்லை, புடவை சுற்றியவளே நான்தான் என்றாள். ஒருத்தரும் நம்பவில்லை. ஆத்திரத்தில் அவளுக்கு உடம்பு நடுங்கியது, கொண்டை அவிழ்ந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உதைத்தாள். போதாதா? ஆத்தா வந்துட்டா என்றார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கற்பூரம் காட்டினார்கள். திருவேங்கடம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, இன்னா கொறை ஒனக்கு?"

"கொட்டைய முனியம்மாகிட்ட உட்டுடு."

"அப்டியே ஆவட்டும் தாயே."

மறுநாள் அவள் பொறுக்கும்போது யாரும் தடுக்கவில்லை. எல்லாம் ஆத்தா கிருபை என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கும்பிட்டாள். முனியம்மா கூடையைத் தரையில் அடித்தாள்.

"ரெண்டும் இதே வாய்தான்டி சொல்லிச்சு. முனியம்மா கேட்டா புடுங்கிக்கினான், ஆத்தா கேட்டா கால்ல உழுந்தான்."

கேழ்வரகு வந்தது. அந்த ஆத்திரம் மட்டும் அவள் கட்டையில் போகும்வரை அடங்கவில்லை.