மெம்பர் சாயபு எழுதிய மனு

இன்று நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கும்போது எழுந்த வாசனையில், ஆம்பூரில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட மெம்பர் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பு கண்முன் வந்து நின்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் மெம்பராக இருந்தவர்; பதவி போய் வெகுகாலமாகியும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கடுக்காய்த் தண்ணீரில் தோல் ஊறும் தொட்டிகளின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாத ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார்.

ஒருநாள் என் அம்மா எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுபோய் அவர் முன் வைத்தாள். ஷாப்புக் கழிவு இறங்கி அது உப்பாய்க் கரித்தது. எங்களுக்கோ வேறு கிணறு இல்லை.

“இன்னாம்மா இது?”

“குடிச்சுப் பாருங்க சாயபு. அதான் என் மனு.”

ஷாப்பு மேஸ்திரி பாய்ந்து வந்தார். “பெரியவர்கிட்ட இன்னா பேச்சு இது? உன் புருஷன் நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?”

நான் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயபு ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது, ஆனால் துப்பவில்லை. தொட்டிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காகிதத்தை இழுத்து, முனிசிபாலிட்டிக்குத் தன் ஷாப்பின் மேலேயே புகார் எழுதி, மைப்பெட்டியை அம்மாவிடம் தள்ளினார்.

“உன் புருஷன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது. பெருவிரல வைம்மா.”