டைரியில் காலியாக இருந்த ஜூலை

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரிக்குப் போனவளும் நான்தான். அதனால் அட்டவணை போடுவதென்றால் எனக்குத் தனி கர்வம். கேஸ் எப்போது தீரும், தம்பிக்கு எப்போது பரீட்சை, அப்பாவின் கண்ணாடியை எப்போது மாற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவைத்திருப்பேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தாளைத்தான் முதலில் காட்டுவாள்.

கொல்கத்தாவில் எங்கள் பங்குக் கோயிலின் இளைஞர் குழுவுக்குச் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத்தான் ஆச்சரியம். எங்கள் பங்கில் வங்காளிகள் அதிகம், ஆங்கிலோ இந்தியர்கள் கொஞ்சம், தமிழர் வீடுகள் ஏழு. அதுவரை வந்த செயலாளர்கள் எல்லாருமே வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள். அப்பா கார்டன் ரீச்சில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா கரியாஹாட்டில் ஒரு தமிழர் நடத்துகிற டிபன் கடையில் மாவு அரைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள்.

செயலாளரின் முதல் வேலை ஆண்டுத் திட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக்காலத்தில் தொடங்கி அடுத்த திருவருகைக்காலம் வரை இளைஞர்கள் என்னென்ன செபம் செய்வார்கள், என்னென்ன சேவை செய்வார்கள் என்று எழுதி, நவம்பர் கடைசியில் கிறிஸ்து அரசர் பெருவிழா அன்று பீடத்தருகே நின்று மைக்கில் வாசிக்க வேண்டும். அந்தச் செய்தி தெரிந்த மறுநாளே அப்பா வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். கூட வேலை செய்கிற அத்தனை பேரிடமும், “எம்மவ கோயில் மைக்குல பேசப் போறா” என்று சொல்லியும் விட்டார்.

பெரிய சார்ட் பேப்பர் வாங்கினேன். பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் செபத்துக்கு ஒரு பத்தி, சேவைக்கு ஒரு பத்தி. சாமியார் பூசைக்கு உடுத்துகிற அங்கியின் நிறத்திலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். திருவருகைக்காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, அதாவது என்னிடம் இருந்த மஞ்சள். மிச்ச மாதங்களுக்குப் பச்சை. அந்த மிச்ச மாதங்களைத் திருச்சபை பொதுக்காலம் என்கிறது. பெருவிழா எதுவும் இல்லாமல் நீண்டு கிடக்கிற காலம் அது.

செபம் சுலபமாக முடிந்தது. தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. மே மாதம் வீடுவீடாக ஜெபமாலை. அக்டோபரில் ஜெபமாலைப் பவனி வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். துர்கா பூஜோவின் ஐந்து நாளில் பவனி வைத்தால் நாம் தெருவைக் கடக்கவே மறுநாள் ஆகிவிடும் என்று நாலு பேர் சொன்னார்கள். போதாக்குறைக்கு நம் பாடகர் குழுவில் பாதிப் பேர் ஏதாவது பந்தல் வாசலில் வரிசையில்தான் நிற்பார்கள். பவனியைத் தள்ளி வைத்தோம். திகா கடற்கரைக்கு ஒரு பிக்னிக் வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அதற்குக் கடற்கரைத் தியானம் என்று பெயர் எழுதினேன்.

சேவையில் விவாதமே இல்லை. டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, லேக் கார்டன்ஸில் கன்னியர்கள் நடத்துகிற முதியோர் இல்லம். சிவப்புத் தொப்பி, கேக், கிறிஸ்துமஸ் பாட்டு. வருடாவருடம் எல்லாரும் செய்வதுதான். ஊதா எழுத்தில் முதல் கட்டத்தில் அதைப் பெரிதாக எழுதினேன். எழுத்தைச் சுற்றி நட்சத்திரம்கூட வரைந்தேன்.

தேதியைச் சொல்லிவைக்க பிரேஸ் பிரிட்ஜில் லோக்கல் ரயில் ஏறி லேக் கார்டன்ஸ் போனேன். இல்லத்தின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் மலையாளி. கொல்கத்தாவுக்கு வந்து வெகுகாலம் ஆனவர். பெரியவர்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு தடித்த டைரியைத் திணித்து, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நீயே எழுதிக்கொள் மோளே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பரைத் திறந்தேன். பள்ளிக்கூடம், வங்கி ஊழியர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், கிளப், வேறு பங்குகளின் இளைஞர்கள். காலை, மதியம், மாலை என்று கோடு போட்டுப் பிரித்து, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்கள். மூன்றாம் ஞாயிறு மட்டும் நாலு குழு. இருபத்தைந்தாம் தேதி வரை ஒரு விரல் வைக்க இடமில்லை. இருபத்தாறு வெள்ளையாக இருந்தது.

கோபத்தில் தாள்களைப் பின்பக்கமாகப் புரட்டினேன். நவம்பரில் ஒன்றிரண்டு. அக்டோபரில் ஒன்று. ஆகஸ்டில் கொசு மருந்து என்று ஒரு வரி. ஜூலை முழுவதும் ஒரே ஒரு வரிதான் இருந்தது: பிளம்பர் வருவார்.

வராந்தாவில் நாற்காலியில் இருந்த ஒரு வங்காளி மூதாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு வந்தாய் என்று கேட்டார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வருகிறோம், தேதி தேடுகிறேன் என்றேன். அவர் முகம் சுளித்தார். போன டிசம்பரில் ஒரே வாரத்தில் ஏழு கேக் தின்று வயிறு கெட்டு டாக்டர் வர வேண்டியதாயிற்றாம். பாடுகிறவர்கள் வந்துகொண்டே இருந்ததால் பத்து நாள் மதியத் தூக்கமும் போயிற்றாம். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன.

“பாட்டுப் பாட ஆள் நிறைய. இதை யார் வெட்டுவது?” என்றார் வங்காள மொழியில்.

உதவிக்கு இரண்டே பெண்கள்தான், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் அவர்களும் வருவதில்லை என்று சிஸ்டர் சங்கடத்துடன் சொன்னார். நான் டைரியில் ஒன்றும் எழுதாமல் திரும்பினேன்.

ரயிலில் வரும்போதே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மைக்கில் எப்படி வாசிப்பது என்பதுதான் கவலை. நட்சத்திரம் வரைந்த இடத்தில் நகம் வெட்டுவதை எழுத முடியுமா? முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருப்பாரே.

அடுத்த கூட்டத்தில் புதிய சார்ட்டை விரித்தேன். இல்லத்துக்கு டிசம்பர் இருபத்தாறு காலையில் போகிறோம், விருந்து முடிந்த பாத்திரங்களைக் கழுவித் தரையைத் துடைக்கிறோம். பிறகு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரண்டு ஞாயிறுகள் வீதம் நகம் வெட்டுவது, தலை வாருவது, செல்போனில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது. பொதுக்காலத்துக்கு எழுதி எழுதிப் பச்சை ஸ்கெட்ச் பேனா தீர்ந்தே போயிருந்தது.

குழுத் தலைவன் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பையன், கிடார் வாசிப்பவன். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவான்.

“ஆரே பாபா, செக்ரெட்டரி மேடம், ஜூலையில லேக் கார்டன்ஸுக்கு யாரு வருவா? மீனுதான் நீந்தி வரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். பரீட்சை, காய்ச்சல், ரயில் நின்றுபோகும் என்று ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். டிசம்பர் இருபத்தாறு காலையில் தன்னால் கண்ணையே திறக்க முடியாது என்றான் அவன்.

“யாருமே திறக்க மாட்டாங்க. அதனாலதான் அந்தத் தேதி காலியா இருக்கு” என்றேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். திட்டத்தை நான் வாசித்துக்கொள்ளலாம். ஆனால் இருபத்தாறாம் தேதி இல்லத்துக்குப் பத்துப் பேராவது வர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஜனவரியில் இந்தத் திட்டத்தைக் கிழித்துவிட்டு அவன் புதிதாகப் போடுவான். நான் ஒப்புக்கொண்டேன். முதல் தடவையாக ஒரு தமிழ் வீட்டுப் பெண் போட்ட திட்டம் ஒரு மாதத்திலேயே கிழிந்தால், ஏழு வீட்டிலும் தலைகாட்ட முடியாது.

பெருவிழா அன்று முதலில் இங்கிலீஷில் வாசித்தேன். பாத்திரம் கழுவுதல் என்ற இடத்தில் கோயிலில் சிரிப்பு எழுந்தது. நகம் வெட்டுதல் என்ற இடத்தில் அது பெரிதாயிற்று. என் காது சூடாகிவிட்டது. வங்காள மொழியில் வாசித்தபோது மறுபடியும் சிரித்தார்கள். அதுவரை எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்த அம்மா, நான் தமிழில் வாசித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: “நான் பாத்திரம் கழுவி ஒன்னைய பி.காம் படிக்க வச்சேன். நீ பி.காம் படிச்சிட்டு பாத்திரம் கழுவப் போறேன்னு மைக்குல சொல்லுத.”

பிள்ளை ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை என்று அப்பா மட்டும் சொல்லிக்கொண்டே சட்டையை மடித்து வைத்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை நான் கிளம்பியபோது அம்மாவும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு பை. உள்ளே தேங்காய் நாரும் ஒரு உருண்டைப் புளியும். கடைக்கு இன்று லீவு என்று மட்டும் சொன்னாள்.

பிரேஸ் பிரிட்ஜில் நாலு பேர் காத்திருந்தார்கள். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். இல்லத்து வாசலில், எண்ணிப் பார்க்கவே வந்தவன்போல, தலைவன் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். என்னையும் சேர்த்து ஒன்பது.

உள்ளே அலுமினிய அண்டாக்கள் மலையாக இருந்தன. பாயஸம் அடிப்பிடித்த அண்டா, புலாவ் அடிப்பிடித்த அண்டா. நாங்கள் தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைந்துகொண்டிருந்தபோது அம்மா மூன்றாவது அண்டாவுக்குப் போய்விட்டாள். பதினொரு மணி ஆயிற்று. வேறு யாரும் வரவில்லை. தலைவன் என்னிடம் வந்து ஒன்பது என்றான். அம்மாவைச் சேர்த்தால் பத்து என்றேன். குழுவில் இருக்க முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதை நினைவூட்டினான். அந்த விதியைச் சுவரில் ஒட்டியவளே நான்தான்.

அம்மா முதுகைத் திருப்பாமலே கேட்டாள்: “என்னத்தையா எண்ணுத?”

“இளைஞர்களை எண்ணுறேன் ஆன்ட்டி. உங்களை எண்ண முடியாது. வயசு கூட.”

“அண்டாவுக்கு எம் வயசு தெரியாது. நீ கழுவுனது எத்தனை?”

அவன் தான் கழுவியதைப் பார்த்தான். ஒரு கரண்டியும் மூன்று தட்டும். பக்கத்தில் கழுவாத அண்டாக்கள் இன்னும் நாலு இருந்தன. எல்லாரும் அவன் வாயையே பார்த்தோம்.

“சரி, பத்து” என்றான். அம்மா அவன் கையில் நாரைக் கொடுத்தாள்.

கிளம்புமுன் சிஸ்டரிடம் புது வருட டைரியை வாங்கி, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களில் எங்கள் குழுவின் பெயரைப் பேனாவால் எழுதினேன். பென்சிலால் எழுதவில்லை.

ஜூலையில் நாங்கள் போன ஞாயிறு, தலைவன் சொன்னது போலவே மீன் நீந்துகிற மழை. ரயில் மாஜேர்ஹாட்டில் அரை மணி நேரம் நின்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தோம். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. வராந்தாவில் அதே மூதாட்டி, அதே நாற்காலி. சொட்டச்சொட்ட நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆஜ் கி போரோதின்?” என்று கேட்டார். இன்று கிறிஸ்துமஸா என்று.

இல்லை, வெறும் ஞாயிற்றுக்கிழமைதான் என்றேன். எங்கள் கைகளில் கேக் டப்பா இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று உறுதியானதும் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவர் எதிரே நகவெட்டியோடு தரையில் உட்கார்ந்தவன் தலைவன். கிடார் வாசிக்கிற விரல்களால் நகவெட்டியை டக் டக்கென்று அழுத்திப் பார்த்தான். சத்தம் வராமல் வெட்டத் தெரியாதா என்று அவர் திட்டினார். திட்டை நிறுத்துவதற்காகவோ என்னவோ, அவன் ஜெபமாலை சொல்லலாமா என்று கேட்டான். மாதாவை வாழ்த்துகிற மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியை அவர் வங்காள மொழியில் சொன்னார். பின்பாதியை நானும் தலைவனும் தமிழில் சொன்னோம். ஒரு செபம் முடிந்ததும் ஒரு நகம். மணியை உருட்ட யாருக்கும் கை காலி இல்லை. பெருவிரலில் ஆரம்பித்து அடுத்த கையின் சுண்டுவிரலில், பத்துப் பத்தாகச் சொல்லுகிற ஜெபமாலையின் முதல் பத்து சரியாக முடிந்தது. என் சார்ட்டில் செபத்துக்கும் சேவைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து நான் போட்ட கோடு அப்போது நினைவுக்கு வந்தது.

பத்து முடிந்துவிட்டது என்று தலைவன் எழுந்திருக்கப் பார்த்தான். மூதாட்டி சேலையைக் கணுக்கால் வரை விலக்கிக் கால்கள் இரண்டையும் அவன் மடியில் வைத்தார்.

“இரண்டாம் பத்து” என்றார்.