நகோயாவில் ஒரு தம்பி

நான் பாண் வான் ஓட்டுகிறவன். விடியுமுன் பேக்கரியிலிருந்து கிளம்பி, மொன்ட்ரியல் முழுக்க தெருமூலை டெபனர் கடை டெபனர் கடையாக இறங்கி, பெட்டியை வைத்து, "பொன்ஜூர்" சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு ஓடுவது என் தொழில். ஜப்பான் பயணத்துக்கு நான் போட்ட முதல் திட்டமும் அதே சாயலில்தான் வந்தது. காலையில் டோக்கியோவில் ஒரு கோயில், மத்தியானம் ஒரு கோட்டை, பின்னேரம் ஒரு கோபுரம். மறுநாள் ரயில். அதன்பிறகு கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா. நாராவில் மான்கள் ஆட்களைக் கண்டால் தலை குனிந்து வணங்குமாம். அவற்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திருப்பி மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"இதென்னப்பா, மானுக்கும் பாண் இறக்கப் போறீங்களோ?"

அவளுக்குக் கார்டெரியில், அதாவது பிள்ளைக் காப்பகத்தில், வேலை. நாள் முழுக்க இரண்டு வயதுப் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்துவார்கள். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, லைட்டும் போடாமல், ஹோலில் சும்மா இருப்பாள். நான் முதுகுக்குச் சூட்டுப்பையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மின்சாரம் வெட்டப்பட்ட வீடு என்றே தோன்றும்.

அவள் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கியோட்டோவில் ஒரு பழைய கோயில். முற்றத்தில் வெள்ளைச் சரளைக்கல்லை வரிவரியாக வாரி விட்டிருந்தார்கள். நடுவே சில பாறைகள். மரப்பலகை விறாந்தையில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது இதில?" என்றேன்.

"ஒண்டும் நடக்கேல்ல. ஒருத்தரும் கதைக்கேல்ல பாருங்கோ. எனக்கு இதில போய் இருக்கவேணும். அவ்வளவுதான்."

கல்லைப் பார்க்க அரை உலகம் சுற்றிப் போவதா என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் நானோ மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கக் கனடாவிலிருந்து ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்தவன்.

ஜப்பானைத் தெரிந்தெடுத்தவளும் அவள்தான். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் நாங்கள் போகாத இடமில்லை: லண்டன், பாரிஸ், சூரிச், மாதம் தவறாமல் டொரொன்டோ. எல்லாம் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு. பாரிசில் பத்து நாள் நின்றும் ஈஃபில் கோபுரத்தைக் காரின் பின்கண்ணாடியால்தான் பார்த்தோம். முன்சீட்டில் பலகாரப் பெட்டி இருந்தது. ஹோட்டலில் ஒருநாளும் படுத்ததில்லை. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் அது அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் அவள் இன்னொருத்தியின் குசினியில் வெங்காயம் வெட்டுவாள். நான் இன்னொருத்தனின் சோபாவில் கால் மடக்கிப் படுப்பேன்.

"ஜப்பானில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். வேறு காரணம் தேவைப்படவில்லை.

அந்தக் காரணத்தை நான் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கெடுத்தேன். பக்கத்தில் நின்று பொறுக்கியவர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். "எங்கையும் பயணமோ?" என்று சும்மா கேட்டார். நானும் சும்மா "ஜப்பான்" என்றேன். வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் வெட்டி முடியவில்லை, டொரொன்டோவிலிருந்து மச்சான், அதாவது அவளின் மூத்த அண்ணன், போன் அடித்துவிட்டார்.

"எட, சொல்லவேயில்லை! நகோயாவில சித்தப்பான்ர மோன் இருக்கிறான் தெரியாதே? கார்க் கொம்பனியில. உம்மட நம்பர் குடுத்திட்டன்."

மேசையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ரயில் வழியிலேயே நகோயா இருந்தது. ஒளித்துப் போகக்கூட வழியில்லை.

அடுத்த நாளே அந்தத் தம்பி போன் எடுத்தார். நல்ல பிள்ளை. "அத்தான், ஹோட்டல் என்னத்துக்கு? எங்களிட்ட ரெண்டு இரவு நில்லுங்கோ. நான் லீவு போடுறன். கியோட்டோவைக் காரில ஒரு நாளில காட்டிப்போட்டு இரவு சாப்பாட்டுக்கு வீட்டை கொண்டு வந்திடுவன். வரேக்க கறித்தூள் மட்டும் கொஞ்சம் கொண்டு வாங்கோ."

நான் "ஓம் தம்பி" என்றேன். யார் எதைக் கேட்டாலும் என் வாய் அதைத்தான் சொல்லும். மூளை பிறகு ஆறுதலாக வந்து சேரும்.

அவள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள் என்று தயாராக இருந்தேன். போடவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் வரேல்ல. லீவுக்கு வீட்டிலயே இருக்கிறன்."

"இஞ்சேரும், ரெண்டு இரவுதானே..."

"எனக்குக் களைப்பா இருக்கப்பா" என்றாள். கோபமாக அல்ல. கடையில் "முடிஞ்சுது" என்று சொல்வார்களே, அப்படி.

இரண்டு நாள் வான் ஓட்டிக்கொண்டே பொய்களை ஒத்திகை பார்த்தேன். டொக்டர் காரில் நெடுந்தூரம் போகக்கூடாது என்கிறார். அப்படியென்றால் பதினான்கு மணித்தியாலம் பிளேனில் எப்படிப் போகிறீர்கள்? குழுவாகப் போகிறோம். எந்தக் குழு? தம்பியின் கேள்விகளை நானே கேட்டு நானே மாட்டுப்பட்டேன். ஒரு டெபனர்காரர், "யாரோட கதைக்கிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டேவிட்டார்.

கடைசியில் ஒரு பின்னேரம் அவள் எதிரிலேயே போனை எடுத்தேன்.

"தம்பி, குறை நினைக்கக் கூடாது. நாங்கள் வீட்டை வரேல்ல."

"ஏன் அத்தான், என்ன பிரச்சினை?"

ஒத்திகை பார்த்த பொய் ஒன்றும் வரவில்லை. "ஒரு பிரச்சினையும் இல்ல. நாங்கள் ரெண்டுபேரும் நல்லாக் களைச்சுப் போனம். ஒருத்தரோடயும் கதைக்காமல் கொஞ்ச நாள் இருக்க வாறம். உம்மோட மட்டுமில்ல, ஒருத்தரோடயும்."

"அப்ப சாப்பிட மட்டுமாவது வாங்கோவன்."

நாக்கு நுனியில் "ஓம்" வந்து நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, தம்பி."

"சரி அத்தான். உங்கட விருப்பம்." போன் வைக்கப்பட்டது.

"கோவமோ?" என்றாள்.

"கோவம்தான். இப்ப உங்கட அண்ணைக்கும் அடிச்சிருப்பான்."

சொல்லி முடிக்கவில்லை, அவளின் போன் அதிர ஆரம்பித்தது. மச்சான். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். போன் மேசையில் வண்டு மாதிரி உறுமிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தது. இந்தக் கோபம் அடுத்த கலியாணம் வரைக்கும் இழுக்கும். மண்டபத்தில் மூலை மேசையில்தான் எங்களை இருத்துவார்கள்.

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். ஹிரோஷிமா போனது. ஒசாகா போனது. டோக்கியோவில் ஒரு இரவு மட்டும் மிஞ்சியது, பிளேன் அங்கே இறங்குவதால்.

"மிச்சமெல்லாம் கியோட்டோ" என்றாள். "நாராவுக்கு ஒரு நாள் போவம். மானுக்கு முழு நாள்."

"அவ்வளவு நேரம் என்ன செய்யிறது?"

"இருக்கிறது."

எனக்கு அதை எப்படிச் செய்வதென்று தெரியாது. சரி என்றேன்.