சேக்காட்டில் காலூன்றிய எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் வருடம் திரும்பிவிட்டது. இந்த நினைவு மலருக்குத் தம்பியே எழுதட்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் பயந்த சுபாவம் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல சேதி வந்தாலும், இதில் என்ன வில்லங்கம் இருக்கிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அக்காவின் வாழ்க்கையைச் சொல்லப்போனால் என் பயங்களும் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கும்பகோணத்தில். கண்ணாடியில் சாமி படம் வரையக் கற்றுக்கொடுத்தவர் அத்தான். அவர் குடும்பத்துப் பட்டறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். அத்தான் திடீரென்று காலமானதும் பட்டறை கை மாறியது. அக்காவுக்கு அங்கே வர்ணம் பூசும் வேலை மட்டும்தான் மிஞ்சியது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அக்கா தன் மகளை அழைத்துக்கொண்டு ஆவடி சேக்காட்டில், என் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடிவந்தார்.

"கொஞ்ச நாள் பாக்குறேன்டா. வரைஞ்சு சோறு கெடச்சா இருப்பேன். இல்லாட்டி திரும்பிப் போயி வர்ணமே பூசுறேன்" என்றார் வந்த அன்றே. அப்போது பிடித்த பயம் என்னை விடவில்லை. அந்தக் கை மறுபடி அடுத்தவர் போட்ட கோட்டுக்குள் வர்ணம் நிரப்பப் போய்விடுமோ என்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் முன்னால் நிற்கும்போதும் நினைத்துக்கொண்டிருப்பேன். அக்கா கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லோரும் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியைக் காட்டி, இதுவே போதும் என்றார்கள்.

கடைசியில் ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கியிருந்த திருநெல்வேலி அம்மா ஒருவர், பூஜை அறைக் கதவுக்கு அம்பாள் படம் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "கண்ண மட்டும் கிரகப்பிரவேசத்தன்னைக்கு நல்ல நேரத்துல தொறங்கம்மா. முன்னாலயே தொறக்கப்பிடாது."

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடியில் பின்பக்கத்திலிருந்து வரைய வேண்டும். முன்னால் தெரிய வேண்டியதை முதலில் எழுத வேண்டும். கண் முதலில், முகத்தின் வர்ணம் அதன் மேல். கண்ணைக் கடைசியில் எழுதினால் அது வர்ணத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

"முடியாதுன்னு சொல்லிடுக்கா" என்றேன்.

"கண்ணு இருக்கற எடத்த மட்டும் வெறுங்கண்ணாடியா விட்டுடறேன். அன்னிக்கு அங்கேயே எழுதிடலாம்."

"பிசகினா?"

"அழிக்க முடியாது. சுத்தி இருக்கற மொகமும் சேந்து கரைஞ்சிடும். மூட்டைய கட்டவேண்டியதுதான்" என்றார், காய்கறி வாங்கப் போவதைச் சொல்வதுபோல. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கண்ணாடியைப் பழைய மெத்தைகளுக்கு நடுவில் வைத்து லோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். பூந்தமல்லி சாலையில் பள்ளத்துக்குப் பள்ளம் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே வந்தேன். டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, கண்ணாடி சும்மா குந்திகினு கீது. நீதான் ஒடஞ்சிடுவ போல கீது" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். இங்கே வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கிரகப்பிரவேசத்துக்குள் கண்ணாடியைப் பூஜை அறைக் கதவில் பொருத்தியிருந்தார்கள். படத்தின் பின்பக்கம் அறைக்கு உள்ளே இருந்ததால், அன்று அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வீடு கொள்ளாத கூட்டம். படம் எப்படி வருகிறது என்று முன்னால் நின்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. முதல் கண்மணி விழுந்தது. இரண்டாவது நூலளவு விலகினாலும் அம்பாளுக்கு மாறுகண் ஆகிவிடும், அத்தனை பேர் முன்னால். அதுவும் விழுந்தது.

"நேரா பாக்குறாளாடா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போய் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டேய், இருக்கியா?" என்றார் அக்கா. அதற்குள் அந்தத் திருநெல்வேலி அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "எங்களத்தாம்மா பாக்கா! எங்களயேதான் பாக்கா!" என்று அழுதுவிட்டார். கண்மணிக்குப் பின்னால் வெள்ளையும் பூசி முடித்து அக்கா வெளியே வந்தார்.

அந்த ஃபிளாட்டுகளிலேயே அடுத்தடுத்து வேலை வந்தது. பிறகு திருவேற்காடு, அம்பத்தூர் என்று பரவியது. மகளைப் படிக்கவைத்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். அக்காவுக்குக் கோபம் அதிகம்தான். மட்டமான கண்ணாடி கொடுத்தால் கடையிலேயே சண்டை பிடிப்பார். ஆனால் சொன்ன நாளில் வேலை முடிக்காமல் இருந்ததில்லை.

நுரையீரல் நோய் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கடைசி நேரத்திலாவது சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடலாமே என்று உறவினர்கள் சிலர் சொன்னார்கள். அக்காவின் மனதிலும் அதுதான் இருக்குமோ என்று எனக்குப் பதைப்பு. அவரிடமே கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் நர்ஸ் வந்து, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். நான் கும்பகோணம் என்று வாயெடுத்தேன். அக்கா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கினார்.

"அவன் கெடக்கறான். சேக்காடு."

அக்காவின் காரியங்களை நாங்கள் இங்கேயே செய்தது அதனால்தான்.

கண்ணாடி அறுத்துத் தந்த மண்ணூர்பேட்டைக் கடைக்காரர், லோடு ஆட்டோ அண்ணன், ஐயப்பன்தாங்கல் குடும்பத்தார், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்த எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். கும்பகோணத்திலிருந்து சிரமம் பாராமல் வந்த உறவுகளுக்கும் நன்றி. இனியும் வாருங்கள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், அக்கா ஊருக்கு என்று சொல்லுங்கள்.